காகிதத் தலைக்கவசம், முதல்முறை செய்கிறேன்: எதில் தொடங்குவது?

நீலக்கழுகு
வணக்கம் நண்பர்களே. ஒரு வேடப் போட்டிக்காக, முகத்தை முழுவதும் மூடும் விண்வெளி வீரன் பாணித் தலைக்கவசம் செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன். இலவசமாகக் கிடைத்த பெபகுரா டெம்ப்ளேட் (முப்பரிமாண வடிவத்தை வெட்டி ஒட்டும் தாள் துண்டுகளாக விரித்த கோப்பு) ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன். திறந்தால் பக்கம் பக்கமாகக் கோணல்மாணலான துண்டுகள், ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு எண். காகிதக் கைவேலையில் எனக்கு முன்பின் பழக்கம் கிடையாது. பள்ளியில் கப்பல் மடித்ததோடு சரி.

கையில் இருப்பவை: சாதாரண இங்க்ஜெட் பிரின்டர், கட்டர், வெள்ளைப் பசை, சூப்பர் குளூ. வேலை செய்ய ஒரே ஒரு அறைதான் இருக்கிறது. வீட்டில் 3 வயதுக் குழந்தை வேறு.

எந்தத் தாள் வாங்குவது? என் தலைக்குப் பொருந்துகிற அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒட்டி முடித்தபின் ரெசின் (பூசியதும் கெட்டியாகும் பிசின் திரவம்) பூசியே ஆக வேண்டுமா? பார்த்த வீடியோக்களில் எல்லாரும் பூசுகிறார்கள், அதனால்தான் கேட்கிறேன். தலைச் சுற்றளவு 58 செமீ.

கத்திமுனை
இன்னும் பிரின்ட் கொடுக்கவில்லை அல்லவா? நல்லது, கொடுக்காதீர்கள். காகிதக் கவசத்தில் பாதிப் பேர் கோட்டை விடுவது வெட்டுவதிலோ ஒட்டுவதிலோ இல்லை, அளவில்தான். பொம்மை மண்டைக்குப் போடுகிற சைஸில் ஒன்று வரும், இல்லாவிட்டால் தோளில் வந்து உட்காரும் அண்டா ஒன்று வரும்.

சுற்றளவு மட்டும் போதாது. கவசத்தின் உட்புறம் உருண்டையாக இருக்காது. மூன்று அளவுகள் எடுங்கள். முதலாவது உயரம்: சுவரோடு நின்று, உச்சந்தலையில் ஒரு புத்தகம், தாடைக்குக் கீழே ஒரு புத்தகம், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம். பெரியவர்களுக்கு இது சுமார் 22 முதல் 24 செமீ வரும். இரண்டாவது அகலம்: காதுகளோடு சேர்த்து. மூன்றாவது ஆழம்: மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரை. கண்ணாடி போடுபவராக இருந்தால் போட்டுக்கொண்டே அளவெடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் 2 செமீ கூட்டுங்கள். ஸ்பாஞ்சு, கெட்டிப்படுத்தும் அடுக்கு எல்லாம் அந்த இடத்தில்தான் உட்காரப் போகின்றன.

இனி மென்பொருளுக்கு வருவோம். கோப்பைத் திறக்கும் பெபகுரா டிசைனரில், ஒட்டி முடித்தபின் வரும் உயரம், அகலம், ஆழம் மூன்றும் மிமீயில் தெரியும். ஆனால் அது வெளி அளவு. உங்கள் கவசத்தின் உச்சியில் ஆன்டெனாவோ கொம்போ இருந்தால் அதையும் சேர்த்துத்தான் உயரம் காட்டும். 300 மிமீ என்று பார்த்துவிட்டு "போதுமே" என்று நினைத்தால், அதில் 60 மிமீ கொம்புக்கே போயிருக்கும். அதனால் கண் திறப்பு, தாடை விளிம்பு இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உரிமம் வாங்காத டிசைனரில் கோப்பைச் சேமிக்க முடியாது. அளவை மாற்றிய கையோடு பிரின்ட் எடுத்துவிட வேண்டும். மாற்றிய எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளை ஒரு பக்கம் பாழானால் அதே அளவில் மறுபடி எடுக்க அந்த எண் வேண்டும்.

புதிர்ப்பெட்டி
கத்திமுனை அண்ணா சொன்னதோடு ஒரு சின்ன வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுக் கவசத்தையும் எடுக்கும் முன், கழுத்து விளிம்பில் வரும் துண்டுகளை மட்டும் சாதாரண 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் பிரின்ட் எடுத்து டேப் போட்டு ஒட்டி வளையமாக்குங்கள். தலைக்கு மேலாகப் போட்டு இறக்கிப் பாருங்கள். நெற்றிப் பட்டைத் துண்டுகளுக்கும் இதையே செய்யுங்கள். ஒரு மணி நேர வேலை, செலவு நாலைந்து தாள். அளவு சரியா தப்பா என்று அப்போதே தெரிந்துவிடும்.

பிரின்டர் செட்டிங்கில் "பக்கத்துக்குப் பொருத்து" என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட்டு "உண்மை அளவு" அல்லது 100% வையுங்கள். அதை விட்டுவிட்டால் எல்லாத் துண்டும் சில சதவீதம் சுருங்கி வரும். ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும், தலைக்கு மட்டும் பொருந்தாது! முதல் பக்கம் வந்ததும் நீளம் தெரிந்த ஒரு கோட்டை ஸ்கேலில் அளந்து பார்த்துவிட்டு மற்றப் பக்கங்களுக்குப் போங்கள்.

டெம்ப்ளேட் எந்தத் தாளுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். ஏ4 என்றால் 210 × 297 மிமீ. லெட்டர் என்றால் 216 × 279. லெட்டருக்கு அடுக்கியதை ஏ4இல் எடுத்தால் ஓரத்துத் துண்டுகள் அகலத்தில் வெட்டுப்பட்டு வரும். அளவைப் பெரிதாக்கினாலும் துண்டுகள் பக்கத்தைத் தாண்டும், மறுபடி அடுக்க வேண்டியிருக்கும். 10% பெரிதாக்கினால் தாள் பரப்பு 21% கூடுகிறது, அதற்கும் சேர்த்தே தாள் வாங்குங்கள்.

தாளைப் பொறுத்தவரை 160 முதல் 220 ஜிஎஸ்எம் வரை. உங்கள் பிரின்டர் பின்பக்கமாகத் தாள் இழுக்கும் ரகம் என்றால் 200 பெரும்பாலும் தடையில்லாமல் போகும். முன்பக்கத் தட்டிலிருந்து தாளை வளைத்து இழுக்கும் ரகம் என்றால் 160-180இல் நின்றுகொள்ளுங்கள். பளபளப்புத் தாள் வேண்டவே வேண்டாம், பசை பிடிக்காது.

நீலக்கழுகு
வளைய யோசனைக்கு மிக்க நன்றி! செய்து பார்த்தேன். நெற்றி வளையம் காதோடு ஒட்டி நின்றது, 8% கூட்டியதும் சரியாக உட்காருகிறது. இப்போது 200 ஜிஎஸ்எம்மில் எல்லாப் பக்கமும் எடுத்தாகிவிட்டது.

அடுத்த சந்தேகம். துண்டுகளுக்குள் இரண்டு விதப் புள்ளிக்கோடுகள் இருக்கின்றன. ஒன்று வெறும் கோடு கோடாக, மற்றது கோடு-புள்ளி-கோடு. எது மேல்பக்கம் எழும் மடிப்பு, எது உள்ளே போகும் மடிப்பு?

கத்திமுனை
இதில் மனப்பாடம் உதவாது. ஒரிகாமிப் புத்தகங்களில் ஒரு வழக்கம், மென்பொருளில் இன்னொன்று, டெம்ப்ளேட் செய்தவர் மாற்றி வைத்திருந்தால் மூன்றாவது. முப்பரிமாணப் படத்தில் சந்தேகமே வராத ஒரு இடத்தைப் பிடியுங்கள், உதாரணமாக உச்சியில் ஓடும் முகடு. அங்கே எந்தக் கோடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் கோப்பில் மலை மடிப்பு. மற்றது பள்ளம்.

மடிப்பதற்கு முன் கோட்டைக் கீறிவிட வேண்டும். இந்தத் தடிமனில் கீறாமல் மடித்தால் மடிப்பு தனக்கு வசதியான வழியில் ஓடும், நார் பிய்ந்து ஓரம் வெள்ளையாகத் தெரியும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா இதற்கு அருமையான கருவி. ஸ்டீல் ஸ்கேலைக் கோட்டின் மேல் வைத்து, பேனாவைக் கொஞ்சம் சாய்த்து, ஒரே இழுப்பில் அழுத்திக் கொண்டுவாருங்கள். தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் மெல்லிய வரப்பு எழும்பியிருக்கும், விரல் நுனியில் தட்டுப்படும். அந்த அளவு போதும். பின்பக்கம் கிழிசல் தெரிந்தால் அழுத்தம் அதிகம். கீறலை முழுவதும் முடித்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். தாள் முழுசாக இருக்கும்போது ஸ்கேல் நழுவாது.

வெட்டும்போது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். எல்லாத் துண்டையும் வெட்டிக் குவித்துவிட்டால், எந்தத் துண்டு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று தேடுவதிலேயே சாயங்காலம் போய்விடும். வெட்டியதும் பின்னால் பென்சிலில் பக்க எண்ணை எழுதிவிடுங்கள். பிளேடு நுனி மழுங்கினால் தாள் நாராகப் பிய்யும், நுனியை உடைத்துப் புதிதாக்கத் தயங்காதீர்கள். உடைத்த நுனியைக் குப்பையில் போடாமல் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், குழந்தை இருக்கிற வீடு.

ஒட்டும் வரிசைக்கு வருவோம். நெற்றி நடுவிலோ உச்சி நடுவிலோ தொடங்கி, இடம் ஒரு துண்டு, வலம் ஒரு துண்டு என்று மாறி மாறிப் போங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் முறுக்கிக்கொள்ளும், கவசம் ஒருபக்கமாகச் சாய்ந்து பார்க்கும். கடைசியாக மூடும் இணைப்பு பின்கழுத்தருகே வருமாறு திட்டமிடுங்கள். கடைசி இணைப்பில்தான் எல்லாச் சின்னப் பிசகும் வந்து சேரும். முகத்தில் சேர்ந்தால் ஊருக்கே தெரியும்.

மாலைவெயில்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தலைப்பைப் பார்த்ததும் ஒரே செய்தித்தாளை மடித்துச் செய்யும் ஜப்பானியச் சாமுராய் கவசம் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன், கபுட்டோ என்பார்களே. அதுவும் காகிதம், அதுவும் தலையில் போடுகிறோம். வெட்டும் இல்லை, பசையும் இல்லை.

புதிர்ப்பெட்டி
@மாலைவெயில் அதுவும் நல்ல விஷயம்தான். 45 முதல் 50 செமீ பக்கமுள்ள சதுரம் எடுத்தால் பெரியவர் தலைக்கே உட்காரும். மடிக்கச் சில நிமிடம்தான் ஆகும். நீலக்கழுகு சகோ, உங்கள் குழந்தைக்கு அதில் ஒன்று சிறிதாக மடித்துக் கொடுத்துவிடுங்கள். உங்கள் துண்டுகள் பக்கம் வராமல் இருக்கும்.

பசையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. என் ஓட்டு வெள்ளைப் பசைக்கு. பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு பொட்டு எடுத்து ஒட்டுமடலின் (துண்டின் ஓரத்தில் ஒட்டுவதற்காக நீட்டியிருக்கும் பட்டை) மேல் தேயுங்கள். மடல் லேசாக மினுங்க வேண்டும், வெள்ளை தெரியக்கூடாது. வெள்ளை தெரிந்தால் தாள் ஈரம் குடித்து அலையலையாக எழும். இரண்டு ஓரமும் நேர்கோட்டில் வந்ததும் நகத்தால் நீவிவிட்டு அரை நிமிடம் பிடித்திருங்கள். பொருத்தம் பிசகியிருந்தால் நகர்த்தச் சில நொடி அவகாசம் கிடைக்கும். சூப்பர் குளூவில் அது கிடைக்காது. அவசரத்துக்கும், பிடிக்க விரல் நுழையாத மூலைமுடுக்குகளுக்கும் சூப்பர் குளூ வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம். சூப்பர் குளூ பூசும்போது பருத்திக் கையுறை போடாதீர்கள், பஞ்சால் துடைக்காதீர்கள். பஞ்சோடு சேர்ந்தால் அது கடகடவென்று சூடேறும், புகையும், தோலைச் சுட்டுவிடும். கண்ணும் எரியும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நீலக்கழுகு
கவசம் எழுந்து நின்றுவிட்டது! தூரத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே ஏதோ போல இருக்கிறது. ஆனால் தொட்டால் தொய்கிறது. தாடைப் பக்கம் கையில் எடுத்தாலே உள்ளே அமுங்குகிறது, கழுத்துத் திறப்பு ஒருநாள் வட்டமாக இருக்கிறது, ஒருநாள் முட்டை வடிவம். இனி எப்படிக் கெட்டிப்படுத்துவது?

பிசின்வீரன்
பாலியெஸ்டர் ரெசின். வேறு பேச்சே இல்லை. கழுத்துத் திறப்பிலும் முகத் திறப்பிலும் குறுக்கே அட்டைப் பட்டைகளை ஒட்டி, வடிவம் அசையாமல் பூட்டிக்கொள்ளுங்கள். ரெசினோடு எடையில் 1 முதல் 2% ஹார்டனர் கலந்து வெளிப்புறம் மெல்லியதாக ஒரு கோட். காய்ந்ததும் உட்புறம் ஃபைபர் கிளாஸ் துணியை ரெசினில் நனைத்து இரண்டு அடுக்கு. அப்புறம் வெளியே கார் டிங்கரிங் பட்டி பூசித் தேய்த்தால், கீழே போட்டாலும் உடையாத கவசம். காகிதம் வெறும் அச்சுதான், கவசம் என்பது ரெசின்.

கத்திமுனை
பிசின்வீரன் சொல்வது செய்முறையாகச் சரி. குறுக்குப் பட்டை யோசனையை எந்த வழியில் போனாலும் செய்துவிடுங்கள், திறப்பு முட்டை வடிவம் ஆவது அங்கேயே நிற்கும்.

ஆனால் கேட்டவரின் முதல் பதிவை மறுபடி படியுங்கள். ஒரே அறை, 3 வயதுக் குழந்தை. பாலியெஸ்டர் ரெசினிலிருந்து ஸ்டைரீன் ஆவி வரும். துணி முகக்கவசமோ தூசி முகக்கவசமோ அதைத் தடுக்காது, கரிம ஆவிகளுக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய சுவாசக்கவசம் வேண்டும். அதை நீங்கள் போடுவீர்கள், குழந்தை என்ன செய்யும்? அந்த ஹார்டனர், அதாவது எம்இகேபி, ஒரு சொட்டு கண்ணில் பட்டாலே பார்வைக்கு ஆபத்து. ரெசினை முடுக்கிவிடச் சேர்க்கும் கோபால்ட் திரவம் தனியாக வாங்கினால் அதை ஹார்டனரோடு நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். கப்பில் மிஞ்சிய ரெசின் கெட்டியாகும்போது பிளாஸ்டிக் கப் உருகும் அளவுக்குச் சூடேறும். இவ்வளவையும் திறந்த வெளியில், பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யலாம். படுக்கிற அறையில் செய்யக்கூடாது.

முதல் கவசத்துக்கு ரெசின் வேண்டியதில்லை என்பது என் கட்சி. வீடியோக்களில் எல்லாரும் பூசுகிறார்கள் என்றால், அவர்கள் அதே கவசத்தைப் பல விழாக்களுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். உங்களுக்குப் போட்டி நாளில் சில மணி நேரம் தலையில் நிற்க வேண்டும். பசையும் பழைய செய்தித்தாளும் அந்த வேலையைச் செய்யும்.

வழி இதுதான். முதலில் வெளிப்புறத்துக்கு ஸ்பிரே வார்னிஷ் மெல்லியதாக இரண்டு முறை. இதை மட்டும் வெளியே எடுத்துப்போய் அடியுங்கள். உள்ளே ஈரம் படும்போது வெளித்தாள் தொய்யாமல் இது காக்கும். பிறகு வெள்ளைப் பசையில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, பால் பதத்துக்குப் போகாமல் பாலாடை பதத்தில் நிறுத்துங்கள். செய்தித்தாளை 2-3 செமீ அகலப் பட்டைகளாகக் கையால் கிழியுங்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் தடித்து வரப்பாக நிற்கும். கிழித்த ஓரம் மெலிந்து அடுத்த பட்டையோடு படிந்துவிடும். பட்டையைப் பசையில் தோய்த்து, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து மிச்சத்தை வழித்துவிட்டு, உள்ளே படியவைத்துக் காற்றுக் குமிழியை வெளியே தள்ளுங்கள்.

ஒரே நாளில் எல்லாம் ஒட்டக்கூடாது. ஒரு அடுக்கு, முழுக்கக் காய்தல், அப்புறம் குறுக்குத் திசையில் அடுத்தது. காய்ந்ததா என்பதற்கு எளிய சோதனை: உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. மூன்று, நான்கு அடுக்கில் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும் ஓடு கிடைத்துவிடும். ஈரத்தோடு பெயின்ட் அடித்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், அந்த வாசனை பிறகு போகவே போகாது.

பிசின்வீரன்
குழந்தை இருப்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன் என்கிறீர்கள், சரி, அந்த அறைக்கு நானும் ரெசின் சொல்ல மாட்டேன். ஆனால் பசை வழியின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரத்தில் இளகும். முழுமுகக் கவசத்துக்குள் மூச்சும் வியர்வையும் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஈரம் சேர்க்கும் என்று போட்டவருக்குத் தெரியும். உட்புறத்துக்கும் வார்னிஷ் அடியுங்கள். தாடை, வாய்ப் பகுதிக்கு இரண்டு முறை. அப்போதும் மழையில் நனைந்தால் கதை முடிந்தது.

இன்னொன்று, "வாசனை இல்லை" என்று எபாக்சிக்குத் தாவுகிறவர்கள் உண்டு. மணம் குறைவு என்பது உண்மை. ஆனால் கெட்டியாகாத எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கத்திமுனை
உள்வார்னிஷ் விஷயத்தில் முழு உடன்பாடு. மழையில் நனைந்தால் கதை முடிந்தது என்பதிலும்தான்.

நீலக்கழுகு
பசை வழியிலேயே போனேன். கன்னச் சோதனை அருமை அண்ணா, தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருந்தது, கன்னத்தில் வைத்ததும் சில்லிட்டது! இப்போது ஓடு நல்ல கெட்டி.

புதுச் சிக்கல்: குறுக்குப் பட்டைகளை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் தலை நுழையவில்லை. உள்ளே இடம் தாராளமாக இருக்கிறது, கழுத்து வாயில்தான் நெற்றியும் பின்மண்டையும் மாட்டுகின்றன. வளையச் சோதனையில் காகிதம் வளைந்து கொடுத்தது, இப்போது ஓடு கொடுக்க மறுக்கிறது.

புதிர்ப்பெட்டி
இது முழுமுகக் கவசங்களின் பிறவிக் குணம். கழுத்தோடு ஒட்டி அழகாகக் குறுகும் வடிவம் எல்லாவற்றிலும் இது வரும். முழுவதையும் பெரிதாக்கினால் மண்டை பெருத்துத் தோள் சிறுத்துத் தெரியும். அதனால் பின்பாதியைத் தனியாகக் கழற்றும்படி வெட்டுவதுதான் வழக்கம்.

கெட்டியான பிறகு வெட்டுவதுதான் நல்லது, அந்த வகையில் உங்களுக்கு வசதியே. காதுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு பள்ளக்கோடு உங்கள் வடிவத்தில் இருக்கும். வெட்டு அந்தக் கோட்டிலேயே போகட்டும், பெயின்ட் அடித்தபின் அது வடிவத்தின் பகுதியாகவே தெரியும். கட்டரால் ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காதீர்கள், அதே கோட்டில் பலமுறை மெதுவாக இழுங்கள். வெட்டும் முன் கோட்டுக்குக் குறுக்கே நாலைந்து இடத்தில் பென்சிலால் சின்னக் கோடுகள் போட்டுவிடுங்கள். மறுபடி சேர்க்கும்போது அந்தக் கோடுகள் நேராக வந்தால் பொருத்தம் சரி.

வெட்டியபின் முன்பாதியின் உள்விளிம்பில் 2 செமீ அகல அட்டைப் பட்டையைப் பாதி வெளியே நீட்டியபடி ஒட்டுங்கள். பின்பாதி அதன்மேல் வந்து உட்காரும், இடைவெளி வழியாக முடி தெரியாது. பிடித்து நிறுத்தக் காந்தம் போதும். நியோடிமியம் வட்டுகளை எதிரெதிரே பதியுங்கள். ஒட்டும் முன் ஜோடியாகச் சேர்த்து, வெளிமுகத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். ஒன்று திரும்பி ஒட்டிக்கொண்டால் கவசம் மூடாமல் தள்ளிக்கொண்டு நிற்கும்.

அந்தக் காந்தங்களைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணி வாங்கி எண்ணி ஒட்டுங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம். பயமாக இருந்தால் காந்தமே வேண்டாம், உள்ளே வெல்க்ரோ வைத்துவிடுங்கள். கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்.

நீலக்கழுகு
வெல்க்ரோதான், யோசிக்கவே இல்லை. தலை போகிறது, வருகிறது!

மாலைவெயில்
கபுட்டோ கேட்டு வந்தவள் இன்னும் இங்கேயேதான் இருக்கிறேன். பூச்சு வேலை எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் ஒரு பங்களிப்பு.

வெள்ளி நிறம் அடிக்கப் போகிறீர்களா? யோசித்துச் செய்யுங்கள். பளபளக்கும் வெள்ளி ஒவ்வொரு பள்ளத்தையும் ஒவ்வொரு தாள் ஓரத்தையும் காட்டிக்கொடுக்கும். மங்கலான சாம்பல், பாசிப்பச்சை, துருச் சிவப்பு எல்லாம் குறைகளை மன்னிக்கும்.

பட்டி பார்ப்பதென்றால் அக்ரிலிக் பட்டியை மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 220, 400 என்று போங்கள். கார் பட்டி இன்னும் கடினம், இன்னும் வழுவழுப்பு, ஆனால் அதுவும் பாலியெஸ்டர்தான், அதே ஆவி வரும். சுவருக்குப் பூசும் லேசான பட்டி வளையும் ஓட்டில் வெடித்து உதிரும். தேய்க்கும்போது தூசி முகக்கவசம் போடுங்கள், இங்கே அது வேலை செய்யும். வெள்ளைப் பசை ஓட்டில் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள்.

பட்டி பூசாமலே விட்டுவிடுவதும் ஒரு வழி, சொல்லப்போனால் எனக்கு அதுதான் பிடிக்கும். முக்கோண முகங்கள் கூர்மையாகத் தெரியட்டும், விளிம்புகளில் மட்டும் வெளிர் நிறத்தைக் காய்ந்த தூரிகையால் தொட்டுவிடுங்கள். வேண்டுமென்றே அப்படிச் செய்தது போல இருக்கும். அரைகுறையாக வழுவழுப்பாக்கியதுதான் கண்ணை உறுத்தும்.

நீலக்கழுகு
முக்கோணங்களை அப்படியே விடுகிறேன், பாசிப்பச்சை. முகத் திறப்பை மூடும் கண்ணாடிக்கு என்ன போடுவது? போட்டால் மூச்சில் மங்கிவிடாதா?

பிசின்வீரன்
1 மிமீக்குக் குறைவான பெட்ஜி (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) தகடு. கத்தரியால் வெட்டலாம், கையால் வளையும். ஒரு திசையில் மட்டும் வளைக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். பந்து போல இரண்டு திசையிலும் வளைய வேண்டுமென்றால் சூடாக்கி அச்சில் இழுக்க வேண்டும், அது வேறு கதை. கறுப்புச் சாயத் தகடு வெளியிலிருந்து முகத்தை மறைக்கும், உள்ளிருந்து பகலில் நன்றாகத் தெரியும். மேடை இருட்டாக இருந்தால் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. மிகக் கறுப்பானதை வாங்காதீர்கள். பெயின்ட் எல்லாம் காய்ந்த பிறகு கடைசியாக உள்ளிருந்து ஒட்டுங்கள், சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி தகட்டில் வெள்ளையாகப் படியும்.

மங்குவதற்கு: பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு உள்பக்கம் தேய்த்து, உலர்ந்த துணியால் மெருகேற்றினால் கொஞ்ச நேரம் தாங்கும். நிரந்தரத் தீர்வு காற்றுதான். 40 மிமீ, 5 வோல்ட் குட்டி ஃபேன் ஒன்றைத் தாடைக்குள் வைத்துக் கண்ணாடியை நோக்கி ஊதவிடுங்கள், பவர் பேங்க் இடுப்பில் இருக்கட்டும். வாய்க்கு எதிரே வடிவத்தில் ஏதாவது கிராதி, பிளவு இருந்தால் அதை நிஜமாகவே வெட்டித் திறந்து உள்ளே கறுப்பு வலைத்துணி ஒட்டுங்கள். மூச்சுக்கு அது கட்டாயம்.

கத்திமுனை
ஸ்பாஞ்சை எங்கே வைப்பது என்று அடுத்து கேட்பீர்கள் என்பதால் முன்பே சொல்லிவிடுகிறேன். நெற்றி, பின்மண்டை, இரண்டு கன்னப்பொட்டு, உச்சி. இந்த ஐந்து இடம் போதும். முதலில் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, தலையை இடம் வலம் திருப்பிப் பாருங்கள். கவசம் தலையோடு திரும்பினால் சரி. தலை மட்டும் திரும்பினால் கன்னப்பொட்டுப் பக்கம் தடிமன் கூட்டுங்கள். காதை மூடாதீர்கள், ஏற்கெனவே பாதிதான் கேட்கும். போட்டுக்கொண்டு படி இறங்கும்போது யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள், காலடி தெரியாது.

யாராவது விளையாட்டாகக் கேட்பார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன்: இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது, சைக்கிள்கூட.

வெண்ணிலா77
இழையை முழுவதும் படித்தேன், அருமை. இதே டெம்ப்ளேட்டை 5 மிமீ ஈவா ஃபோமில் (ரப்பர் போன்ற மெத்தென்ற தகடு) செய்யலாமா? என் 9 வயது மகனுக்கு.

புதிர்ப்பெட்டி
செய்யலாம், ஆனால் அதே கோப்பு அப்படியே உதவாது. ஃபோமுக்கு ஒட்டுமடல் தேவையில்லை, ஓரத்தோடு ஓரம் கான்டாக்ட் பசையில் ஒட்டுவார்கள். தடிமன் உள்ளே வருவதால் உள் அளவு எல்லாப் பக்கமும் 5 மிமீ குறையும். காகித டெம்ப்ளேட்டில் விரல் நக அளவுத் துண்டுகள் நிறைய இருக்கும், ஃபோமில் அவற்றை வெட்டவே முடியாது. ஃபோமுக்கென்றே பெரிய துண்டுகளாக விரித்த கோப்பைத் தேடுங்கள். கான்டாக்ட் பசைக்கும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது.

காகிதத்திலேயே மகனுக்குச் செய்வதென்றால் நீலக்கழுகு எடுத்த அதே மூன்று அளவுகளை அவன் தலையில் எடுத்துச் சுருக்குங்கள். சுருக்கியதும் ஒட்டுமடல்களின் அகலத்தைப் பாருங்கள். துண்டோடு சேர்ந்து அவையும் மெலிந்திருந்தால் மறுபடி அகலப்படுத்துங்கள், 5 மிமீக்குக் கீழே போனால் 200 ஜிஎஸ்எம் தாள் மடங்கி நிற்காது, பசையும் பிடிக்காது. தாளையும் 160க்கு இறக்கிவிடுங்கள்.

வெண்ணிலா77
மிக்க நன்றி. கழுத்து வளையத்தை இன்றைக்கே பிரின்ட் எடுக்கிறேன். பையன் இப்போதே டேப்போடு நிற்கிறான்.